அயினிப் பலகைக்கு ஓர் ஆள்துணை

மஸ்கட்டில் நர்ஸ் வேலையை முடித்துக்கொண்டு நான் ஊருக்கே வந்துவிட்டபோது, வீட்டுக் கதவை உள்ளிருந்து திறந்துவிட யாரும் இல்லை. பையில் கிடந்த சாவியால் நானே திறந்தேன். கணவர் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அடக்கத்துக்கு வந்து, கல்லறையில் மண் போட்டுவிட்டு, ஒப்பந்தத்தில் மிச்சமிருந்த காலத்தை முடிக்க மறுபடியும் விமானம் ஏறியிருந்தேன். ஒரே மகள் அயர்லாந்தில் இருக்கிறாள். அவளும் நர்ஸ்தான்.

குழித்துறையிலிருந்து சிதறால் போகிற வழியில், ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் வீடு. ஒரு பக்கத்து வீட்டுக்காரர்கள் குடும்பத்தோடு தோஹாவில். அந்த வீடு எப்போதும் பூட்டித்தான் கிடக்கும். மறுபக்கத்தில் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுக்கும் ஒரு பெண், அவள் கணவர். அவள் என்னைவிடச் சில வயது இளையவள். என் கணவரை அண்ணன் என்று கூப்பிட்டதால் என்னை மைனி என்பாள். லீவில் வரும்போது மதிலுக்கு மேலாகப் பார்த்துச் சிரித்துக்கொள்வோம். அதற்கு மேல் பழக்கம் இருந்ததில்லை.

வந்த புதிதில் காலை வேளைகளை என்ன செய்வதென்றே எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஷிஃப்ட் மணி அடித்துப் பழகிய உடம்பு விடியுமுன் எழுந்துவிடும். எழுந்து குளித்து, தலைமுடியை இறுக்கிக் கட்டி, எங்கேயோ கிளம்புவதுபோல நடுவீட்டில் நிற்பேன். பிறகு தேயிலை போடுவேன். ஒரு டம்ளர் தேயிலைக்கு எவ்வளவு தண்ணீர் வைக்கவேண்டும் என்று கணக்குத் தெரியாமல் எப்போதும் கூடிப்போகும். ஞாயிற்றுக்கிழமை சபையில் எல்லோரும் கையைப் பிடித்து விசாரிப்பார்கள். திங்கட்கிழமை முதல் ஒருவரும் வரமாட்டார்கள். அவரவர்க்கு அவரவர் பாடு.

படுக்கை பெரிய பிரச்சினையாக இருந்தது. எங்கள் கல்யாணக் கட்டிலைக் கறையான் தின்றிருந்தது. தரையில் பாய் விரித்துப் படுத்தால் காலையில் முட்டியை மடக்க முடியவில்லை. மார்த்தாண்டத்தில் ஒரு தச்சரிடம் கேட்டேன். கையில் வேலை நிறைய இருக்கிறது, அவசரமென்றால் கடையில் ஒரு கட்டில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். வாங்கியிருக்கலாம்தான். ஆனால் வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட பணிப்புரையில் அயினிப் பலகைகள் அடுக்கியிருந்தன. எங்கள் மேற்கு வேலியில் சாய்வாக வளர்ந்து நின்ற அயினி மரம் ஒரு பெருங்காற்றில் விழுந்தபோது, என் கணவர் அதை அறுப்பு மில்லுக்குக் கொண்டுபோய்ப் பலகையாக்கிக் காயவைத்திருந்தார். “நீ வந்தாச்சுண்ணா நல்ல வீதியில ஒரு கட்டில் செய்யலாம்” என்று ஃபோனில் சொல்லியிருந்தார். வீதி என்றால் எங்கள் பக்கத்தில் அகலம். மஸ்கட் ஹாஸ்டலில் நான் அத்தனை வருஷமும் படுத்தது ஒடுங்கலான ஓர் இரும்புக் கட்டிலில். அதைப்பற்றி அடிக்கடி குறை சொல்வேன்.

அவர் பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மரவேலை அவருக்குப் பொழுதுபோக்கு. பணிப்புரையின் நடுவில் அவருடைய அறுப்பு மிஷின் நின்றது. இரும்பு மேசை. அதன் நடுவில் ஒரு கீறல். கீறல் வழியாகப் பாதி தலை நீட்டியிருக்கும் வட்டமான பிளேடு. நான் மஸ்கட்டிலிருந்து கூப்பிடும்போதெல்லாம் அந்தப்பக்கம் இதன் சத்தம்தான் முதலில் கேட்கும். “இரி, அணைச்சிட்டு வாரேன்” என்பார். சத்தம் மெல்ல இறங்கி அடங்கும். அப்புறம் அவர் குரல் வரும்.

“என்னத்த அறுக்குதிய?”

“சும்மா ஒரு பலக. நீ சாப்பிட்டியா?”

“சாப்பிட்டேன். நீங்க?”

“ஆச்சு. இஞ்ச ஒரு கொழப்பமும் இல்ல.”

“இங்கயும் ஒண்ணும் இல்ல.”

எங்கள் தாம்பத்தியத்தில் பெரும்பகுதி இப்படித்தான் நடந்தது.

கட்டிலை நானே செய்வது என்று எப்போது முடிவெடுத்தேன் என்று எனக்கே நினைவில்லை. ஒருநாள் பணிப்புரையைக் கூட்டிப் பெருக்கப் போனேன். மரத்தூளை வாரியபோது சிமெண்ட் தரையில் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. மிஷினுக்கு முன்னால், பிளேடுக்கு நேராக இல்லாமல் இடதுபக்கம் தள்ளி, பெயின்டால் போட்டிருந்தார். அந்தக் கோட்டில் நின்று பார்த்தேன். அங்கே நின்றால் பிளேடு என் உடம்புக்கு நேராக வரவில்லை. ஏனென்று அப்போது புரியவில்லை. ஆனாலும் அவர் நின்ற இடத்தில் நிற்கிறோம் என்று தோன்றியது. அங்கிருந்து நகர மனமில்லாமல் கொஞ்சநேரம் அப்படியே நின்றேன்.

எதையும் படித்துவிட்டுத்தான் தொடவேண்டும் என்பது ஆஸ்பத்திரியில் வந்த பழக்கம். அதுவுமல்லாமல், பிளேடு தொட்ட கைகளை நான் பார்த்திருக்கிறேன். கட்டட கேம்ப் தச்சர்கள் துவர்த்துத் துண்டில் சுற்றிய கையோடு அவசரப் பிரிவுக்கு வருவார்கள். எப்படி நடந்தது என்று கேட்டால் எல்லோரும் ஒன்றுபோலத்தான் சொல்வார்கள்: தெரியவில்லை சிஸ்டர், ஒரு நொடிதான். அந்த முகங்கள் மறக்கவில்லை. ஆகவே மழைக்காலம் முழுவதும் ஃபோனில் வீடியோக்கள் பார்த்தேன். பார்த்ததை அணைத்துக் கிடக்கும் மிஷினில் கையால் செய்து பார்த்தேன்.

பலகையை நீளவாக்கில் கிழிக்க, பிளேடுக்கு வலதுபக்கம் மேசைமேல் நீளமாக ஒரு சட்டம் உண்டு. ஃபென்ஸ் என்பார்கள். பலகையின் ஓரம் இதில் ஒட்டியபடியே முன்னால் நகரவேண்டும். அந்த ஓரம் நேராக இல்லாவிட்டால் பலகை ஆடும், ஆடினால் ஆபத்து. அதனால் முதலில் ஓர் ஓரத்தை இழைப்புளி போட்டு நேராக்க வேண்டும். ஃபென்ஸ் பிளேடுக்கு இம்மியும் சாயாமல் இணையாக நிற்கவேண்டும். பிளேடின் பல் பலகைக்கு மேல் லேசாகத் தெரிந்தால் போதும், அதற்கு மேல் உயர்த்தக் கூடாது. கையுறை போடவே கூடாது. இது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. கையுறை இல்லாமல் எதையும் தொடாதே என்றுதான் எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். இங்கே கையுறையின் நூல் ஒன்று பல்லில் மாட்டினால் கையையே இழுத்துக்கொண்டு போய்விடுமாம். ஷாலைக் கழற்றி ஆணியில் தொங்கவிட்டேன். வளையலைக் கழற்றினேன். கண்ணாடி மாட்டினேன், காதை அடைத்தேன். கை பிளேடை நெருங்கும் முன்பே கையை எடுத்துவிட்டு, நுனியில் வெட்டுப்போட்ட ஒரு கட்டையால் பலகையைத் தள்ளவேண்டும். அந்தத் தள்ளுகட்டைகளை அவர் செய்து சுவரில் மாட்டியிருந்தார். பிடிக்கிற இடம் அவர் கை பட்டு வழவழப்பாகியிருந்தது.

முதலில் ரப்பர் மரத்துண்டுகளை அறுத்துப் பழகினேன். சத்தம் பெரிதாக இருந்தது. ஆனால் பலகை பிளேடைத் தாண்டி இரண்டாகப் பிரிந்து போகும்போது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. ஊருக்கு வந்தபிறகு நான் முழுதாகச் செய்து முடித்த முதல் காரியம் அதுதான். அந்த நேரத்தில் மனசு வேறெங்கும் போகாது. போகவும் கூடாது.

பிறகு அயினிக்குப் போனேன். முதல் பலகை ஒழுங்காகக் கிழிந்தது. இரண்டாவதை எடுத்தேன். நீளமான பலகை. பாதிக்கு மேல் போயிருக்கும். மிஷினின் குரல் மாறியது. அதுவரை ஒரே சீராக இருந்தது, முனக ஆரம்பித்தது. பலகை முன்னால் நகர மறுத்தது. எனக்கு என்னவென்று புரியுமுன்பே பலகை என் பிடியிலிருந்து பிய்ந்துகொண்டு பின்னால் பாய்ந்தது. காற்று என் வலது இடுப்பை உரசிப் போனதை உணர்ந்தேன். பின்சுவரில் அது மோதிய சத்தம் காதடைப்பையும் தாண்டிக் கேட்டது. மேசைக்கு அடியில், அணைக்கும் பொத்தானுக்கு மேலே, அவர் ஒரு பலகைத் துண்டைத் தொங்கவிட்டிருந்தார், கையை எடுக்காமல் தொடையால் தட்டி அணைக்கலாம். தட்டினேன். பிளேடு சுற்றி, சுற்றி, நின்றது.

பத்து விரலையும் தடவிப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. அப்புறம்தான் காதடைப்பைக் கழற்றினேன். தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சாய்ந்து வளர்ந்த மரத்துக்குள் ஓர் இழுவை இருக்கும். கிழிக்கக் கிழிக்க இரண்டு பாதியும் ஒன்றையொன்று நெருங்கி, பின்னால் பிளேடைக் கவ்விக்கொள்ளும். அப்படிக் கவ்வவிடாமல், அறுத்த வாய் மூடாமல் பிடிக்க பிளேடுக்குப் பின்னால் ஒரு தகடு நிற்கவேண்டும். அந்தத் தகட்டை நான் ஒரு பெட்டிக்குள் பார்த்திருந்தேன். மாட்டும் போல்ட் காணாமல்போயிருந்ததால் பரவாயில்லை என்று விட்டிருந்தேன். கோட்டில் நின்றதால் தப்பினேன். பிளேடுக்கு நேராக நின்றிருந்தால் அந்தப் பலகை என் அடிவயிற்றில் ஏறியிருக்கும்.

உட்கார்ந்தபடியே காத்திருந்தேன். என்ன சத்தம் என்று யாராவது கேட்பார்கள் என்று நினைத்தேன். ரோட்டில் ஒரு பைக் போயிற்று. தோஹாக்காரர் வீட்டு மாமரத்தில் அணில் கத்தியது. தையல்காரி அன்று லைனிங் துணி எடுக்கக் கோட்டாறுக்குப் போயிருந்தாள் என்று பிறகு தெரிந்தது. யாரும் வரவில்லை. வெட்டுப்பட்டு ரத்தம் போய்க் கிடந்திருந்தாலும் இதேபோலத்தான் அணில் கத்தியிருக்கும்.

எழுந்து பலகையைத் தூக்கப் போனபோதுதான் சுவரைப் பார்த்தேன். என் பலகை மோதி சிமெண்ட் பெயர்ந்திருந்தது. அதன் பக்கத்திலேயே, அதே உயரத்தில், பழைய குழிகள். சிமெண்ட் குழைத்துப் பூசி மூடியிருந்தார். பூச்சின் நிறம் ஒவ்வொன்றும் வேறுவேறாக இருந்ததால் வேறுவேறு காலத்தில் நடந்தவை என்று தெரிந்தது. ஒரு குழியில் விரலை வைத்துப் பார்த்தேன்.

அப்போது நான் எங்கே இருந்திருப்பேன்? வார்டில் யாருக்கோ டிரிப் ஏற்றிக்கொண்டிருந்திருப்பேன். சாயங்காலம் ஃபோனில் கேட்டிருப்பேன். இஞ்ச ஒரு கொழப்பமும் இல்ல என்றிருப்பார். நானும்தான். ஹாஸ்டல் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு வீங்கிக் கிடந்த வாரத்தில் அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் தூக்கம் கெடும், அங்கிருந்துகொண்டு என்ன செய்யமுடியும் என்று நினைத்தேன். அவரும் அதையேதான் நினைத்திருப்பார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் தூங்கவைத்துக்கொண்டே இருந்திருக்கிறோம்.

அன்றைக்கு மகள் கூப்பிட்டாள்.

“அம்மா, இன்னைக்கு என்ன செய்தீங்க?”

சொல்ல வாயெடுத்தேன். அவள் முகம் திரையில் களைத்திருந்தது. இரவு டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

“ஒரு பலகை அறுத்தேன் மக்கா. கட்டிலுக்கு.”

“பாத்து செய்யுங்கம்மா.”

“பாத்துத்தான் செய்யுதேன்.”

மறுநாள் மார்த்தாண்டத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் போல்ட் வாங்கி வந்து தகட்டை மாட்டினேன். ஆனால் அதோடு தீர்ந்ததாகத் தோன்றவில்லை. ஆள் இல்லாத இடத்தில் இந்த மிஷினைத் தொடக்கூடாது என்று முடிவுசெய்தேன். ஆளுக்கு எங்கே போவது? மதில் பக்கம் போனேன். திரும்பி வந்தேன். உதவி கேட்டுப் பழக்கமில்லாத வாய். இரண்டாவது தடவை போனபோது தையல்காரி கொடியில் துணி விரித்துக்கொண்டிருந்தாள்.

“என்ன மைனி, வல்லதும் வேணுமா?”

“ஒரு காரியம் கேக்கணும். நீ கொஞ்சம் எங்க பணிப்புரையில வந்து இரிக்க முடியுமா? நான் பலக அறுக்கும்போ.”

“நானா? எனக்கு அதுல என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாண்டாம். சும்மா இரிந்தா போதும். எனக்கு வல்லதும் பற்றிச்சுண்ணா ஸ்விட்ச அணைக்கணும். என்னெப் பிடிச்சு இழுக்கப்பிடாது. ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்யணும். அவ்வளவுதான்.”

அவள் கையிலிருந்த ஈரத்துணியோடு என்னையே பார்த்தாள். சிரிப்பாள் என்று நினைத்தேன்.

“இது கேக்கதுக்கா ரெண்டு மட்டம் வந்திட்டு போனிய? நான் ஜன்னல்ல கண்டேன்” என்றாள். “பட்டன் தைக்க வேல இருக்கு. அத எடுத்திட்டு வாரேன்.”

அப்படித்தான் வரத் தொடங்கினாள். பணிப்புரை வாசலில், பலகை பாயும் வழிக்கு விலகி, ஒரு ஸ்டூலைப் போட்டுக் கொடுத்தேன். முதல் நாள் மிஷின் சத்தம் எழுந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணை மூடிவிட்டாள். பலகை முடிந்து நான் அணைத்தபிறகு ஒரு கண்ணைத் திறந்தாள்.

“பேடிச்சுப் போனேன் மைனி. கண்ணு மூடி இரிந்தா ஒங்களுக்கு என்ன பிரயோஜனம், இல்லியா?”

“நீ இரிக்கியேங்கதே பிரயோஜனம்தான்.”

பிறகு பழகிவிட்டாள். பட்டன் தைத்துக்கொண்டே பார்ப்பாள். நான் தள்ளுகட்டையை எடுக்க மறந்தால் “கட்ட, கட்ட” என்று கத்துவாள். அறுபட்டுக் கிடக்கும் சிறுதுண்டை பிளேடு நிற்குமுன் நான் எடுக்கப் போனால், “அது அங்ஙனே கெடக்கட்டு” என்பாள்.

ஒருநாள் தேயிலை குடிக்கும்போது சொன்னாள்:

“அண்ணனுக்க சத்தம் எனக்கு நல்ல பழக்கம். மிஷின் சத்தம் கேட்டா எனக்கு ஒண்ணும் தோணாது. சத்தம் நின்னாத்தான் கையில ஊசி நிக்கும். பெறவு பைய இருமுவாரு. இருமல் கேட்டா நான் தையலைத் தொடங்குவேன்.”

“எப்பவும் கேட்டிட்டு இரிப்பியா?”

“இரியாம? ஒத்தைக்கு உள்ள ஆளு. பிளேடு உள்ள மிஷினு.”

டம்ளரைக் கீழே வைத்தேன். அவளே தொடர்ந்தாள்.

“அன்னைக்கு விடிஞ்சு வெயிலு ஏறியும் சத்தமே இல்ல. எனக்கு வெப்பிராளமா வந்து. எங்க வீட்டு ஆள, ஒண்ணு போயி பாருங்கண்ணு அனுப்பினேன். அடுக்களையில நாற்காலியில இரிந்த மேனிக்கே... தேயிலை ஆறிக் கெடந்துதாம்.”

பக்கத்து வீட்டுக்காரர்தான் முதலில் பார்த்தார் என்று எனக்கு அப்போதே சொல்லியிருந்தார்கள். எப்படிப் போய்ப் பார்த்தார் என்று நான் கேட்டதில்லை. என் கணவர் தனியாக இருந்தார், தனியாகவே போனார் என்றுதான் அதுவரை நினைத்து வந்தேன். அவருக்குத் தெரியாமலே மதிலுக்கு அந்தப்பக்கம் ஒரு காது இருந்திருக்கிறது. அது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது. அந்தக் காது என்னுடையதாக இல்லையே என்றும் இருந்தது. டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய் நெடுநேரம் கழுவினேன். நான் திரும்பி வரும்வரை அவள் கூப்பிடவில்லை.

கட்டிலின் குறுக்குப் பலகைகளுக்கு அளவு போடும் நாள் வந்தது. அவள்தான் கேட்டாள், குரலைத் தாழ்த்தி.

“மைனி, ஒத்தைக் கட்டிலா, ரெட்டையா?”

பென்சிலைப் பிடித்தபடி நின்றேன். ஒற்றைக் கட்டில் என்றால் வேலை குறைவு. மறுபடியும் ஹாஸ்டல் கட்டில். இரட்டை என்றால் ஒரு பாதி சும்மா கிடக்கும்.

“எனக்குப் பெரண்டு படுக்கணும்” என்றேன். “நல்ல வீதியிலயே இரிக்கட்டு.”

அவள் பலகையின் மறுமுனையைத் தாங்கிப் பிடித்தாள்.

கட்டில் முடிந்தது. ஒரு கால் லேசாக ஆடும். அடியில் அட்டை மடித்து வைத்திருக்கிறேன். இரண்டு பேருமாக அதைப் படுக்கையறைக்கு இழுத்துப்போய்ச் சேர்த்தோம். முதல் இரவில் நடுவில் படுத்தேன். காலையில் பார்த்தால் சுவரோரமாக ஒதுங்கிக் கிடந்தேன், வழக்கமாக லீவில் வரும்போது படுக்கிற பக்கத்தில். மறுபடி நடுவில் படுக்கப் பழகவேண்டும். இன்னும் பழகவில்லை.

கட்டிலோடு நிறுத்தவேண்டாம், துணி வைக்க ஓர் அலமாரியும் செய்வோம் என்று இரண்டு பேரும் பேசி வைத்திருந்தோம். அதற்குள் பெங்களூரில் இருக்கும் அவள் மகளுக்குப் பிரசவ நேரம் வந்துவிட்டது. பையோடு வாசலில் வந்து நின்றாள்.

“நான் வாரது வர அதத் தொடாதிங்க, கேட்டியளா மைனி?”

“தொடமாட்டேன்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை. அவள் வர இன்னும் சில மாதம் ஆகும்போலிருக்கிறது. மிச்சமிருக்கும் பலகைகள் வளைந்துவிடாமல் இருக்க, ஒவ்வொன்றுக்கும் நடுவில் மெல்லிய சட்டம் வைத்துக் காற்றோட்டமாக அடுக்கி, மேலே கல் ஏற்றி வைத்தேன். பிளேடை மேசைக்குக் கீழே இறக்கினேன். மிஷின்மேல் பழைய பெட்ஷீட் ஒன்றைப் போட்டு மூடினேன். காலை வேளைகள் மறுபடியும் நீண்டுவிட்டன. பணிப்புரைக்குள் போய், செய்ய ஒன்றும் இல்லாமல் திரும்பி வருகிறேன்.

தையல்காரியின் கணவர் அதிகம் பேசாதவர். அவள் பக்கத்தில் நிற்கும்போதே தலையசைப்போடு சரி. இப்போது தனியாகச் சமைக்கிறார். கடுகு கருகும் வாசனை மதில் தாண்டி வருகிறது. நேற்று சாயங்காலம் மழை விட்டிருந்த நேரத்தில் மதிலுக்கு அந்தப்பக்கம் அவர் தொண்டையைச் செருமுவது கேட்டது. ஆள் எட்டிப் பார்க்கவில்லை. குரல் மட்டும் வந்தது.

“மைனி, அங்க கரண்டு இருக்கா?”

“இருக்கு” என்றேன்.

“ஆங். சரி.”

அவர் வீட்டு முன்விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.